கல்யாண வீட்டில் யாரும் மயங்கி விழ வேண்டாம்

தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் பத்திரிகை வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். டிஸ்பென்சரி வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். பெண்ணின் அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. அம்மாவுக்குத் தலைச்சுற்றல். பெண்ணுக்கு முகத்தில் பரு. மாப்பிள்ளையின் தம்பிக்குத் திடீரென்று இடுப்பு வலி. "டிரசரையா, மூணு நாளைக்கு ஒரு எம்.சி. போட்டுக் குடுங்க" என்பான். இடுப்பில் ஒன்றும் இருக்காது. பந்தல் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்த மறுநாள் வேறொரு கூட்டம் வரும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் வீக்கம், எண்ணெய் பட்டுக் கை வெந்துபோன அக்கா, மூன்று நாளாக மாத்திரையை மறந்துபோன தாத்தா. மாலை வாடுவதற்குள் மனிதர்கள் வாடிப்போகிறார்கள்.

"கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னது பணத்தை மட்டும் நினைத்து அல்ல. உடம்பையும் சேர்த்துத்தான். ஆகவே இந்த இதழில், கல்யாண நாளை நோய் நொடியில்லாமல், மனக்கஷ்டமில்லாமல் நடத்துவது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு முகூர்த்த நேரத்தில் நடந்தது

ஜோகூர் பாருவுக்குக் கிழக்கே, தெப்ராவ் ஆற்றைத் தாண்டினால் பெர்மாஸ் ஜெயா. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல அங்கேயும் மாசாய், பாசீர் கூடாங் பக்கமும் குடியிருக்கின்றன. பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிற பிள்ளைகளும் அங்கே நிறைய. அதனால் இப்போதெல்லாம் தோட்டத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மண்டபம் அந்தப் பக்கம்தான்.

2023இல் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் தகப்பனார் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பன்னிரண்டு வருஷமாக இனிப்பு நீர். என்னிடம்தான் மாத்திரை வாங்குவார். முதல் நாள் மத்தியானத்திலிருந்து மனுஷன் ஓடியாடிக்கொண்டே இருந்திருக்கிறார். இரவு சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. காலையில் சடங்கு முடியும்வரை விரதம் என்று ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

தாரை வார்க்கும் நேரம். கை நடுங்குகிறது. சட்டையெல்லாம் வேர்வை. ஐயர் கேட்டதற்குக் குழறிக் குழறிப் பதில் சொல்கிறார். சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒருவர், "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டாரு பாரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மணவறையில் இருந்த பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "எங்கப்பா குடிக்க மாட்டாரு!" என்று கத்தியது. மேளம் நின்றுபோயிற்று.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சர்க்கரை கீழே இறங்கியிருந்தது. சர்பத் மேசையிலிருந்து ஒரு கிளாஸ் சிரப் கொண்டுவரச் சொல்லி, உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். தாலியும் நல்லபடி ஏறியது. ஆனால் பிற்பாடு அந்தப் பெண் என்னிடம் சொன்னது இது: "ஐயா, தாலி கட்டினது எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா தள்ளாடினதுதான் ஞாபகம் இருக்கு."

பூ அலங்காரத்துக்கு அவர்கள் ஏராளமாகச் செலவழித்தார்கள். வீடியோ எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு இட்லி கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மறக்க முடியாத நாளை உண்டாக்குவது அலங்காரம் அல்ல. அந்த நாளில் நம்மவர்கள் சுகமாக நின்று பார்ப்பதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பரிசம் போட்ட நாளிலிருந்து வரிசையாக வருவோம்.

மூன்று மாதத்துக்கு முன்னால்: இரத்தப் பரிசோதனை

ஜாதகப் பொருத்தம் பார்க்கிறோம். தவறில்லை. அதோடு இரத்தப் பொருத்தமும் பாருங்கள். ஜோகூரில் முஸ்லிம் ஜோடிகளுக்கு 2001 முதல் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனால் விரும்பினால் கிளினிக் கெசிஹாத்தானில் செய்துகொள்ளலாம். நம் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான்.

கேட்க வேண்டியவை: இரத்தப் பிரிவு, இரத்தச் சோகை, தலசீமியா, இனிப்பு நீர், எச்.ஐ.வி., மேகநோய், ஹெப்படைட்டிஸ் பி.

தலசீமியா பற்றி ஒரு வார்த்தை. அந்தக் குறை ஒருவரின் இரத்தத்தில் இருந்தும் அவர் நல்ல திடமாக இருக்கலாம். குலை வெட்டலாம், பந்தடிக்கலாம். ஆனால் பெண், மாப்பிள்ளை இருவரிடமும் அதே வகைக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு கடுமையான நோயுள்ள குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரிடம் ஆலோசனை கேட்டு முடிவெடுக்கலாம். கல்யாணத்தை நிறுத்தத்தான் பரிசோதனை என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது, சொந்தத்தில் கல்யாணம். தாய்மாமன் முறை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை முறை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம்கூட இந்துக்கள் அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் விட்டாலும் உடம்பு விடுவதில்லை. பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 2, 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. தாய்மாமன் கல்யாணத்தில் இரத்த உறவு இன்னும் நெருக்கம். வீட்டில் ஏற்கெனவே அப்படிப் பிறந்த பிள்ளை இருந்தால் யோசித்து, டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். பெண்ணின் சம்மதத்தையும் கேளுங்கள். அது எந்தப் பரிசோதனைக்கும் முந்தியது.

மூன்றாவது, பெண்ணுக்கு இரத்தச் சோகை இருந்தால் மூன்று மாதத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் கீரையும் மீனும் முட்டையும் கொடுத்துத் தேற்றிவிடலாம். சீக்கிரமே பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 0.4 மில்லிகிராம் போலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடலாம். குழந்தையின் முதுகுத் தண்டில் வரும் குறையை இது பெரும்பாலும் தடுக்கும்.

நான்காவது, பதிவு. 1982 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து, முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டால் மட்டும் சட்டத்துக்குப் போதாது. புருஷன் வேலைக்காட்டில் விபத்தில் இறந்து, பெர்கேசோ பணத்துக்கு அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவுத் தாள் இல்லாததால் வந்த அலைச்சல் அது. பதிவு இலாகாவிலோ, பதிவு அதிகாரம் பெற்ற கோயிலிலோ விசாரித்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால் கல்யாண நாளன்று ஒரு பாரம் குறையும்.

கடனும் ஒரு நோய்தான்

"டிரசருக்கு எதுக்கு இந்தக் கணக்கு?" என்று கேட்காதீர்கள். இரத்தக் கொதிப்பு அளக்கிறவனுக்குத்தான் இது நன்றாகத் தெரியும்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400. ஒரு கல்யாணத்துக்கு 20,000 வெள்ளி கடன் வாங்கினால், ஒரு முழு வருஷம் சாப்பிடாமல் உடுத்தாமல் உழைத்த கூலி அது. மாதம் 500 வெள்ளி கட்டினாலும் 40 மாதம். வட்டியே இல்லாமல் இது. அதற்குள் பேரப்பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிடும். ஆலோங்கிடம் வாங்கியிருந்தால் கணக்கே வேறு. சுவரில் சிவப்புச் சாயம் அடிப்பான், வாசலில் வந்து நிற்பான். பிறகு தூக்கம் எங்கே வரும்?

கூட்டு கட்டி எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணத்தை வைத்திருப்பவர் ஓடிவிட்டால், கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் கையில் மிஞ்சும். சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்றாவது கணக்கு ஒன்று திறந்திருக்கிறார்கள். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு உதவும். ஆனால் அதை முழுவதும் வழித்தெடுத்துப் பூ வாங்கிவிடாதீர்கள். நாளைக்குக் காலில் புண் வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்தப் பணம்தான் சோறு போடும்.

மொய்ப் பணத்தை நம்பிச் செலவு செய்வதும் கூடாது. மொய் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் கடன்.

சுருக்கமாகக் கல்யாணம் செய்வது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து போனார். அந்தக் காலத்திலிருந்தே சீர்திருத்தத் திருமணம் என்ற பேச்சு நம் மக்களிடம் உண்டு. மாலை மாற்றி, நாலு பெரியவர் வாழ்த்தி, ஒரு மணி நேரத்தில் முடிந்த கல்யாணங்கள் அவை. தமிழ்நாட்டில் 1967இல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்டமே செய்தார்கள். சடங்கு வேண்டும் என்பவர்கள் சடங்கோடு செய்யுங்கள். நான் சொல்வது, 600 பேரைக் கூப்பிட்டால்தான் கல்யாணம் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை என்பதே.

கடன் நெருக்கி, "இனி என்ன இருக்கு" என்று யாராவது பேச ஆரம்பித்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருங்கள். என்னிடமோ சங்கக் கிளைத் தலைவரிடமோ அழைத்து வாருங்கள். 15555 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுகாதார அமைச்சின் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால்: பெண்ணின் உடம்பு

முதலில் முகக் கிரீம். பாசார் மாலாமில் விற்கிறார்கள். டெலிபோனிலும் விளம்பரம் வருகிறது. "ஏழு நாளில் வெள்ளை" என்பார்கள். இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருப்பதாகக் கண்டுபிடித்து, சுகாதார அமைச்சு பல தடவை தடை செய்திருக்கிறது. பாதரசம் தோலோடு நிற்காது. உள்ளே இறங்கி மூத்திரக் காயைக் கெடுக்கும். பதிவு எண் இல்லாத கிரீமைத் தொட வேண்டாம். நம் பிள்ளைகள் கறுப்பாக இருந்தால் என்ன? வெயிலில் நின்று நாம் சம்பாதித்த நிறம்.

மருதாணியில் ஒரு எச்சரிக்கை. இலையை அரைத்து வைப்பது நல்லது. "கறுப்பு மருதாணி" என்று கூம்பில் அடைத்து விற்பதில் சிலவற்றில் முடிச் சாயத்தில் போடுகிற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கை கொப்புளித்து, கல்யாணத்தன்று கட்டோடு உட்கார்ந்த பெண் உண்டு.

இன்னொன்று, தாய்மார்கள் என்னிடம் காதோடு கேட்பது. முகூர்த்த நாளில் மாதவிலக்கு வந்துவிட்டால்? தள்ளிப்போட மாத்திரை உண்டு. நோரெதிஸ்டெரோன் என்று பெயர். ஆனால் கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது. டாக்டரைப் பார்த்து, வழக்கமான நாளுக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். கடைசி நாளில் ஓடி வந்தால் பயன் இல்லை. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். காலில் இரத்தம் உறைந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக்கூடாது. இது கருத்தடை மாத்திரையும் அல்ல. நாள் குறிக்கும்போதே அம்மா பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மாத்திரையே தேவைப்படாது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

புடவை இறுக்கமாக இருக்கிறது, இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கிற பெண்களுக்கும் சொல்கிறேன். புடவையை யாரும் தைத்து மாட்டுவதில்லை, சுற்றித்தான் கட்டுகிறோம். வயிறாரச் சாப்பிடு தாயே.

விருந்துச் சாப்பாடு: இங்கேதான் ஆபத்து அதிகம்

2013இல் கெடா மாநிலத்தில் ஒரு கிராமத்துக் கல்யாண விருந்தில் ஆயாம் மாசாக் மேரா சாப்பிட்டவர்கள் பலர் நோயில் விழுந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். காரணம் சால்மோனெல்லா என்கிற கிருமி. சமைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம் அக்கா, அத்தைமாரைப் போல அன்போடு சமைத்தவர்கள்தான். அன்பு கிருமியைக் கொல்லாது. சூடுதான் கொல்லும்.

கிருமி பெருகுவது இப்படி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் அது மடமடவென்று வளரும். நம் ஊர் அறை வெப்பம் அதற்குச் சரியான மெத்தை. பெரிய அண்டாவில் ராத்திரி குழம்பு வைத்து மூடி வைத்தால், மேலே ஆறினாலும் நடுவில் விடியவிடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். சோற்றில் வளர்கிற ஒரு கிருமி விஷத்தை உண்டாக்கி வைக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த விஷம் சாகாது. அதனால்தான் "நல்லா கொதிக்க வெச்சோமே ஐயா" என்று சொல்கிறவர்கள் வீட்டிலும் வயிறு கெடுகிறது.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. சமைத்த சாப்பாட்டை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பந்தி 12 மணிக்கு என்றால் விடியற்காலை 4 மணிக்கே சோறு வடிக்காதீர்கள். இரண்டு தடவையாக வடியுங்கள்.

2. கோழியை முதல் நாளே வெட்டி வாளியில் வைக்க வேண்டாம். வெட்டினால் உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். கோழி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் வெள்ளரிக்காய், வெங்காயம் நறுக்கக்கூடாது.

3. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் சீழ்ப் புண் உள்ளவர் எவ்வளவு பெரிய சமையற்காரராக இருந்தாலும் அன்று அடுப்பண்டை வேண்டாம். கோபித்துக்கொண்டால் பன்னீர் தெளிக்கிற வேலை கொடுங்கள்.

4. கேட்டரிங் ஆளை அமர்த்தினால், டைபாய்ட் ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் உண்டா என்று கேளுங்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிப்படி அவை அவர்களுக்குக் கட்டாயம். கேட்பது நம் உரிமை.

5. சர்பத்துக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர். மீன் வைத்த ஐஸ் கட்டியைச் சர்பத்தில் போடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது.

6. கை கழுவச் சோப்பு. சமையல் இடத்தில் ஒன்று, கக்கூஸ் பக்கம் ஒன்று, பந்தி வாசலில் ஒன்று.

7. மீந்த சோற்றைக் கட்டிக் கொடுக்கும் வழக்கத்தில் கவனம் தேவை. மத்தியானம் கட்டியதைக் காரில் வைத்து, ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்கு ஊட்டினால் அது சாப்பாடு அல்ல. கொடுப்பதானால் சூடாக, உடனே கொடுத்து, "போனதும் சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தட்டையாக ஆறு தேக்கரண்டி, உப்பு தட்டையாக அரைத் தேக்கரண்டி. கலக்கி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரத்தமாகப் போனாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை மூத்திரம் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்று நாளைக்கு முன்னால்: பெரியவர்களும் மாத்திரைப் பையும்

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. நம்மவர்களிடம் அது இன்னும் அதிகம். அப்படியானால் 300 பேர் வரும் கல்யாணத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஜோகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு எல்லோருக்கும் வசதி. ஆனால் அரசாங்கக் கிளினிக்குகளும் அன்று ஓய்வு என்பதை மறக்காதீர்கள். மாத்திரை தீர்ந்துபோனால் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி வையுங்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் மருந்தைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். பாலத்தில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொள்கிற நாளும் உண்டு.

இரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கல்யாண நாளன்று நிறுத்தக்கூடாது. இனிப்பு நீருக்கு மாத்திரை போடுகிறவர், ஊசி போடுகிறவர் விரதம் இருக்கக்கூடாது. இருந்தே தீருவேன் என்றால் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்னாலேயே வந்து கேளுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும்.

திடீரென்று ஒருவருக்கு வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 999 அழையுங்கள். நெஞ்சு வலி, கை கால் விழுதல், வாய் கோணுதல் என்றாலும் 999தான். "தாலி கட்டி முடியட்டும்" என்று காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்களை ஓமப் புகைக்குத் தள்ளி உட்கார வையுங்கள். பம்ப் கையில் இருக்கட்டும்.

முதல் நாள் ராத்திரி பையன்கள் கூடிக் குடிப்பது பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மலிவுச் சரக்கு எமன். 2018இல் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் கண் போனவர்களும் உண்டு. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வாழை மரம் வாங்கப் போகிறவனைத் தடுத்து நிறுத்துவது சகோதரனின் கடமை.

அன்றைய நாள்: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

பெண்ணின் அப்பா அம்மாவிடம் எந்தச் சாவியும் இருக்கக்கூடாது. அவர்கள் செய்ய வேண்டியது சாப்பிடுவது, உட்காருவது, வாழ்த்துவது. மற்றதை ஐந்து பேருக்குப் பிரித்துவிடுங்கள். ஒருவர் பணப் பை. ஒருவர் சமையலும் பந்தியும். ஒருவர் வண்டிகள். ஒருவர் மருந்துப் பை. அதில் சர்க்கரை, உப்பு, தண்ணீர், கட்டுத் துணி, பெரியவர்களின் மாத்திரை இருக்க வேண்டும். ஐந்தாமவர் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் துணை. அவர் வேலை, காலை 6 மணிக்கு இருவருக்கும் ஏதாவது சாப்பிடக் கொடுத்து, மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்து, கக்கூசுக்குப் போக நேரம் ஒதுக்குவது. வெட்கப்பட்டு அடக்கி வைத்து மூத்திரக் கடுப்போடு என்னிடம் வந்த புதுப்பெண்கள் பலர்.

பெயரைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். "யாராவது பார்த்துப்பாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

லீவையும் நேராகக் கேட்டு வாங்குங்கள். வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் என்றால் வருஷத்துக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு ஆண்டு லீவு உண்டு. அது நம் உழைப்பு. பரிசம் போட்ட அன்றே கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டால் இல்லாத இடுப்பு வலியைத் தேடி என்னிடம் வர வேண்டியதில்லை.

அதே வீட்டில் இரண்டாவது கல்யாணம்

முதலில் சொன்ன அந்தத் தகப்பனார் போன வருஷம் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் செய்தார். நாலு மாதம் முன்னாலேயே டிஸ்பென்சரிக்கு வந்து உட்கார்ந்தார். "டிரசரையா, இந்தத் தடவை என்னை மணவறையில விழ விடாதீங்க" என்றார். இருவரும் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினோம். கோயிலிலேயே கல்யாணம். 150 பேர். மத்தியானம் சைவச் சாப்பாடு, ஒரே பந்தி நேரம். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்று காலையில் மூத்த மகள்தான் மருந்துப் பைக்காரி. ஏழு மணிக்கு அப்பாவைச் சமையற்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் மூன்று இட்லி தின்ன வைத்து, மாத்திரை கொடுத்தாள். சம்பந்தி வீட்டில் ஒருவர், "என்னம்மா, கன்னிகாதானத்துக்கு முன்னாடியே சாப்பாடா?" என்று கேட்டார். "ஆமாங்க மாமா, எங்கப்பா சாப்பிட்டாத்தான் எனக்குச் சாமி" என்றாள். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

மனுஷன் நிமிர்ந்து நின்று தாரை வார்த்தார். குரல் தழுதழுத்தது. அது சர்க்கரை இறங்கியதால் அல்ல.

திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக்கு வந்து நின்றார். இரத்தக் கொதிப்பு அளந்தேன், நன்றாக இருந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்களில் ஒருவர்கூட அன்று டிஸ்பென்சரிக்கு வரவில்லை.

உங்கள் வீட்டுக் கல்யாணமும் அப்படியே நடக்கட்டும். இந்தப் பக்கத்தை வெட்டி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்து மருத்துவ உதவியாளரைக் கேளுங்கள். பத்திரிகை வைக்கும்போது அவருக்கும் ஒன்று வையுங்கள்.